கீழ்வீட்டு ஒபெரா

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் என் நித்திரையைக் கெடுத்த ஒரு பாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன். எழுதவும் அலுப்பாக இருந்தது. பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவனுக்கு அலுப்பு கை கால் மாதிரி. போகிற இடமெல்லாம் கூடவே வரும்.

தொழிற்சாலை மொன்றியலின் சென் லோரன் பகுதியில் இருக்கிறது. விடியுமுன்னே அடுப்புச் சூட்டுக்குள் போனால் மத்தியானம்தான் வெளியே வருவேன். கிழமையில் ஆறு நாள் இப்படி. கத்தோலிக்கர்களான எங்களுக்குத் தமிழ்ப் பூசை ஞாயிறு பின்னேரம் என்பதால், மனிதனாகப் படுத்துக் கிடக்க எனக்கென்று இருந்தது ஞாயிறு காலை ஒன்றுதான். அப்போது அஹுன்ட்சிக்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரரும் மனைவியும். இருவரும் இத்தாலியர், எழுபதைக் கடந்தவர்கள். நான் புரண்டு படுத்து இரண்டாம் நித்திரைக்குப் போகிற நேரம் பார்த்து, தரைக்கடியிலிருந்து ட்ரம்பெட் கிளம்பும்.

ஒவ்வொரு ஞாயிறும் அதே ஒபெரா. வேறொன்றும் அந்த வீட்டில் இருந்ததாகத் தெரியவில்லை. ட்ரம்பெட் முடிய ஒரு கூட்டம் அலறும். பிறகு ஒரு பெண் குரல் மேலே ஏறும், அங்கிருந்து தலைகீழாகக் கீழே விழும், திரும்பவும் ஏறும். கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடுவாளோ என்று இருக்கும். அந்த இடம் வந்ததும் நிலவறைக் குசினியிலிருந்து கிழவி கத்தத் தொடங்குவா. இத்தாலி மொழி எனக்குத் தெரியாது. ஆனாலும் "நிப்பாட்டு" என்பது எந்த மொழியிலும் விளங்கும். கிழவர் நிற்பாட்ட மாட்டார். அவ கத்துவதும் அந்த ஒபெராவில் ஒரு பகுதி என்றே நான் முதல் வருடம் நினைத்திருந்தேன்.

கதை என்னவென்று தெரிந்தது பனி அள்ளுகிற நேரங்களில்தான். மொன்றியலில் எங்கள் வீடு மாதிரியான வீடுகளுக்குப் படி வெளியே இருக்கும், வளைந்து வளைந்து. பனி கொட்டினால் அதைத் துப்புரவாக்காமல் மேல்மாடிக்காரன் வேலைக்குப் போக ஏலாது. பனி அள்ளுகிற சவல் கிழவருடையது, கராஜுக்குள் கிடக்கும். அதை எடுக்கப் போனால் அவரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவார். நான் அள்ளுவேன், அவர் கதைப்பார். பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், மிச்சம் கை. இங்கே அவர்கள் இருவரும் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

கிழவர் இளம் வயதில் கப்பலில் வந்து, நிலக்கீழ் ரயில் சுரங்கத்திலும் பாலங்களிலும் சீமெந்து வேலை செய்தவர். சீமெந்துத் தூள் அவருடைய நெஞ்சுக்குள் போய்க் குடியிருந்தது. இரண்டு வசனத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்குவார். அதனால் ஒரு ஒபெராவின் கதையைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மாரிகாலம் முழுக்கத் தேவைப்பட்டது.

பாபிலோன் ராசா எருசலேம் கோயிலை உடைத்துச் சனத்தை அடிமையாகப் பிடித்துக்கொண்டு போகிறான். நானே கடவுள் என்கிறான். இடி விழுந்து புத்தி பேதலிக்கிறது. எங்களுக்கு அந்த ராசா கோயில் பிரசங்கத்தில் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவன், புல்லுத் தின்றவன். அவனுடைய மகள் என்று வளர்ந்தவள் ஒருத்தி, தான் அடிமைக்குப் பிறந்தவள் என்று தெரிந்ததும் முடியைப் பறித்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள். கூரையைப் பிய்க்கிற குரல் அவளுடையது. அந்தப் பாகத்தைப் பாடினால் தொண்டை போய்விடும் என்று பாடகிகள் பயப்படுவார்களாம். முதன்முதல் பாடினவளின் குரல் அப்போதே இறங்கத் தொடங்கியிருந்ததாம். பிற்காலத்தில் அவளைத்தான் இசையமைத்தவர் கலியாணம் செய்தார் என்று கிழவர் சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார்.

ஆனால் அது இரண்டாம் கலியாணம். அந்த இசைக்கு முன்னால் நடந்ததை அவர் இன்னொரு நாள் சொன்னார். அன்றைக்குப் பனி ஈரமாக இருந்தது, சவல் இரும்பாகக் கனத்தது. இசையமைத்தவருக்கு அப்போது முப்பது வயதும் ஆகவில்லை. முதலில் மகள் போனாள், பிறகு மகன், பிறகு மனைவி. இனி எழுத மாட்டேன் என்று வீட்டுக்குள் அடைந்து கிடந்தவரின் கையில் ஒரு நாடகக் கொட்டகைக்காரன் இந்தக் கதையின் ஏட்டைக் கட்டாயமாகத் திணித்து விட்டானாம். அவர் வீட்டுக்கு வந்து அதை மேசையில் எறிந்தார். அது தானாகத் திறந்தது. அடிமைச் சனம் ஆற்றங்கரையில் இருந்து நாட்டை நினைத்துப் பாடுகிற பக்கம்.

"தானாத் திறந்ததோ?" என்று நான் கேட்டேன்.

"தானாத்தான்," என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேசையில் எறிந்த புத்தகம் தேவையான பக்கத்தில் திறக்கிற அதிர்ஷ்டம் கதைகளில்தான் நடக்கும். பிற்காலத்தில் இசையமைத்தவரே சோடித்துச் சொன்னது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளும் மனைவியும் செத்தது சோடனை இல்லை. அவ்வளவையும் புதைத்துவிட்டு வந்து ஒரு மனிதன் திரும்பவும் வேலைக்குக் குந்தியிருக்கிறான். அதை நினைக்கவே எனக்குக் களைப்பாக இருந்தது.

அந்த ஆற்றங்கரைப் பாட்டுத்தான் கிழவருக்கு உயிர். இத்தாலி அப்போது ஒரு நாடாக இல்லை, பிறத்தியான் ஆண்டான். சனம் அந்த அடிமைகளின் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டது. இசையமைத்தவர் கிழவனாகிச் செத்து, அவருடைய சவப்பெட்டியைக் கடைசி இடத்துக்குக் கொண்டு போனபோது, தெருவில் அதையே பாடினார்கள். இன்றைக்கும் அங்கே அது இரண்டாவது தேசிய கீதம் மாதிரி. கிழவருடைய ஊர்க்காரர்கள் மொன்றியலில் ஒரு சங்கம் வைத்து, ஆண்கள் பாடகர் குழுவும் வைத்திருந்தார்கள். யார் செத்தாலும் அதைப் பாடி அனுப்புவது வழக்கம். பாடி அனுப்பி அனுப்பியே குழு முடிந்துவிட்டது. கடைசியில் இவரை விட்டால் மூன்று பேர் மிச்சம், அதில் ஒருவருக்குத் தன் பெயரே மறந்து போயிற்று.

"என்ர செத்தவீட்டில மெசினில போடக் கூடாது. மனிசர் பாட வேணும்," என்று கிழவர் சொல்லுவார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு மூச்சு வாங்காது.

அடுத்த இலையுதிர் காலத்தில் அவருக்கு மூக்கில் ஒட்சிசன் குழாய் பூட்டினார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு நாள், கிழவி வெளிப்படியில் ஏறி எங்கள் கதவைத் தட்டினா. அவ மேலே வந்ததே கிடையாது, முழங்கால் வருத்தம். கையில் ஒரு தட்டு நிறையப் பொரித்த கத்தரிக்காய். என் மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள். கிழவி இருக்கவில்லை.

"நீங்கள் கோயில்ல பாடுற ஆக்கள்தானே," என்றா என்னைப் பார்த்து. "அந்தப் பாட்டைப் பழகுங்கோ. அவர் போற நாளுக்குப் பாடுங்கோ. அவருக்குச் சொல்ல வேண்டாம்."

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கத்தரிக்காயைப் பார்த்தாள்.

"எனக்கெண்டால் அந்தப் பாட்டு அறவே பிடிக்காது," என்றா கிழவி. "கலியாணம் கட்டின நாளில இருந்து கேக்கிறன். தலை வெடிக்குது. ஆனா அவருக்கு வேணுமாம். ஆர் இருக்கினம் பாட? நான் வேற ஆரைக் கேக்கிறது?"

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். அவ இறங்கிப் போனதும் மனைவி தொடங்கினாள். "என்னப்பா, உங்களுக்கு விசரே? தமிழ்ப் பாட்டுப் பழகவே ஒருத்தரும் நேரத்துக்கு வருகினமில்லை. வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்டிட்டியள்." அவள் சொன்னது அத்தனையும் சரி.

எங்கள் குழு என்று பெரிதாக நினைக்க வேண்டாம். மன்னாரும் யாழ்ப்பாணமும் கலந்த கொஞ்சப் பேர். ரக்சிக் கார் ஓடுகிறவர், முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவ, பொதி கட்டுகிற இடத்தில் நிற்கிறவர்கள். என் மனைவி கார்தெரியில், அதாவது குழந்தைகள் பராமரிக்கிற இடத்தில், சமைக்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலின் நிலவறையில் கூடுவோம். வேலையால் நேரே வந்தவர்களின் முகங்களைப் பார்த்தால், பாடச் சொல்லுவதா, படுக்கச் சொல்லுவதா என்று எனக்குத் தெரியாது. நான்தான் கீபோர்ட் வாசிப்பவன், பிந்தி வருகிறவர்களை ஏசுகிறவனும் நான்தான்.

இத்தாலிப் பாட்டு என்றதும் முதலில் சிரித்தார்கள். பிறகு கிழவரின் கதையைச் சொன்னேன், ஒருவரும் மறுக்கவில்லை. செத்தவீட்டுக்குப் பாடுவது என்றால் எங்கள் ஆட்கள் மறுக்க மாட்டார்கள். சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மெட்டுச் சுலபம், ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆடிப் போகும். முக்கியமாக, அந்தப் பாட்டில் பெரும்பகுதியை எல்லோரும் ஒரே குரலில் பாட வேண்டும். இங்கே மற்றக் கோயில்களில் நாலு குரலாகப் பிரித்துப் பாடுவார்கள். எங்களுக்கு அது ஒருநாளும் வந்ததில்லை, ஒரே குரல்தான். நடுவில் ஓர் இடத்தில் குரல்கள் பிரிகின்றன. அதைப் பிரிக்காமலே விட்டோம்.

பிழை வேறு இடத்தில் இருந்தது. நாங்கள் கத்தினோம். எங்களுக்குப் பக்தி என்றால் சத்தம். தவக்காலத்தில் ஆண்டவர் பட்ட பாடுகளின் புலம்பலைப் பாடினால் தெருமுனைக்குக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் "என்ன, இந்த முறை குழு சோர்ந்து போச்சு" என்பார்கள். நெஞ்சைக் கொடுத்துப் பாடுவதுதான் செத்தவருக்கு மரியாதை. அப்படியே இத்தாலிப் பாட்டையும் பாடினோம், முதல் சொல்லிலிருந்தே கூரை அதிர. எனக்கும் அது நல்லாக இருப்பதாகத்தான் பட்டது. போனில் பதிந்து கொண்டுபோய், கிழவர் உறங்கும் நேரம் பார்த்து, நிலவறைக் குசினியில் கிழவிக்குப் போட்டுக் காட்டினேன். அவ தக்காளிக் குழம்பைத் துழாவிக்கொண்டே கேட்டா.

"இது சண்டையில வெண்ட சனம் பாடுற மாதிரி இருக்கு," என்றா.

"அப்ப எப்பிடிப் பாட வேணும்?"

"எனக்கென்ன தெரியும்? இப்பிடி இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. தலை வெடிக்குது என்கிறவவுக்குப் பிடிக்காத பாட்டைப் பழகிக் கொடுக்கிறோம், அதிலும் குறை. அடுத்த கிழமை குழுவை இன்னும் பலமாகப் பாட வைத்தேன், பலம் போதாததுதான் பிழை என்று நினைத்து.

அது சரிவந்தது மாசி மாதத்துப் பனிப்புயல் அன்றைக்கு. பாதிப் பேர்தான் வந்தார்கள். குழுவில் பாடும் பெண் ஒருத்தி, புருஷன் வேலையில் நின்றபடியால், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பல்லு முளைக்கிற குழந்தை, அழுது அழுது கடைசியில் மேலங்கிகளின் குவியலில் அயர்ந்து போயிற்று. தாய் எங்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். "எழும்பினானெண்டால் நான் போறன்," என்றாள். பிறகொரு நாள் பாடுவோம் என்று சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. மூச்சுக்குள்ளே பாடுங்கோ என்றேன்.

பாடினார்கள். நின்றபடி பாடுகிறவர்கள் அன்றைக்குக் கதிரைகளில் இருந்தபடியே பாடினார்கள். ரக்சிக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தார். குரல் வெளியே வரவில்லை, முணுமுணுப்பாக, ஒருவர் மற்றவரில் சாய்ந்துகொண்டு போவது போல மெட்டு நகர்ந்தது. கீபோர்டை நான் விட்டுவிட்டேன். ஆற்றங்கரையில் இருந்தவர்களும் வேலை முடிந்து வந்தவர்கள்தானே என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. பகல் முழுக்கக் கல்லுச் சுமந்தவனுக்குக் கத்த ஏது பலம்? நடுவில் குரல் எழும்புகிற இடம் வந்தது. அங்கே கொஞ்சம் எழும்பி, குழந்தையை நினைத்து உடனே அடங்கினார்கள். பாட்டு முடிந்தும் நான் கீபோர்டுக்கு முன்னாலிருந்து எழும்பவில்லை. அலுப்பில்தான் என்று அன்றைக்கு மனைவியிடம் சொன்னேன்.

பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தேன். ஒபெராப் பாட்டுக்குப் பூசையில் இடமில்லை என்று மரியாதையாகச் சொன்னார். பரவாயில்லை, எங்களுக்கு எங்கள் வழக்கம் இருந்தது. பெட்டி மூட முந்தி, அது இருக்கிற இடத்தில் நின்று, குழு பாடும். பெட்டியை வைத்து அஞ்சலி செலுத்துகிற மலர்ச்சாலை சாமியாரின் எல்லைக்குள் இல்லை.

எல்லாம் ஒழுங்கு. கிழவர் சாக வேண்டியதுதான் பாக்கி என்று மனைவி பகிடியாகச் சொன்னாள், சொல்லிவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள்.

வைகாசியில், தக்காளிக் கன்று நடக் குனிந்த கிழவி அப்படியே பாத்திக்குள் விழுந்தா. மூளையில் இரத்தம் கசிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை, இரண்டு நாளில் முடிந்தது.

அடுத்த ஞாயிறு ட்ரம்பெட் வரவில்லை. நான் வழமையான நேரத்துக்கு முழித்துக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி கிடந்தேன். எத்தனை ஞாயிறு இந்த அமைதிக்கு ஏங்கியிருப்பேன். "போய்ப் பாருங்கோ," என்றாள் மனைவி. கிழவர் குசினி மேசையில் இருந்தார், ஒட்சிசன் பெட்டி காலடியில் இரைந்தது. பாட்டுப் பெட்டி எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"போடட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். நிப்பாட்டச் சொல்ல ஆள் இல்லை," என்றார்.

மேலே வந்ததும் எனக்கும் மனைவிக்கும் வாக்குவாதம். மலர்ச்சாலைக்குக் குழுவாகப் போவது என்பதில் பேச்சில்லை. எதைப் பாடுவது என்பதில்தான்.

"அவவுக்குப் பிடிக்காத பாட்டை அவவின்ர பெட்டிக்கு முன்னால பாடுறதோ? வடிவா இருக்கும்," என்றாள். "அது அவர் போகேக்கை பாட வேண்டியது. அப்பிடித்தான் அவ கேட்டவ."

"அவர் போகேக்கை குழுவில ஆர் இருக்கப் போகினம்? கோடையோட ரெண்டு குடும்பம் ரொறொன்ரோவுக்குப் போகுது. நீர் என்ன சொல்லுறீர்?"

"அதுக்காக? மனிசியின்ர செத்தவீட்டிலயும் அவருக்குப் பிடிச்சதுதானோ?"

 தமிழில் ஒரு பாட்டுப் பாடிவிட்டு வருவது என்று முடிவாயிற்று. முடிவு என்று நான் சொன்னது, அதற்கு மேல் கதைக்கத் தெம்பில்லாத நிலையை.

மலர்ச்சாலையில் கிழவியின் ஆட்கள் அதிகமில்லை. கர்க்லாண்டிலிருந்து மகளின் குடும்பம், சங்கத்து மூன்று கிழவர்கள், அயலவர்கள். எங்கள் தமிழ்ப் பாட்டை மரியாதையோடு கேட்டார்கள். சத்தமாகத்தான் பாடினோம், வழக்கப்படி. அது முடிந்ததும் பொறுப்பாளர் மூடியை நோக்கி வந்தார். கிழவர் சக்கர நாற்காலியிலிருந்தபடி பெட்டியின் விளிம்பைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்கவில்லை. மகள் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் எடுக்கவில்லை. பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

அப்போதுதான் என் பக்கத்தில் மெட்டுத் தொடங்கியது. என் மனைவி. என்னைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மூச்சுக்குள்ளே, பனிப்புயல் அன்றைக்குப் பாடியது போலவே. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். நான் கடைசியாகச் சேர்ந்தேன்.

கிழவர் தலையைத் திருப்பி, மெசின் எங்கே இருக்கிறது என்று மூலைகளில் தேடினார். பிறகுதான் எங்கள் வாய்களைக் கண்டார். சங்கத்துக் கிழவர்களில் பெயர் மறந்தவர் எழுந்து நின்று பாடத் தொடங்கினார், ஒரு சொல் பிசகாமல். குரல் எழும்புகிற இடத்தில் ரக்சிக்காரர் பாடுவதை விட்டுவிட்டார். அந்த ஓட்டையை மற்றவர்கள் மூடினார்கள். கடைசி ஸ்வரம் எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு மெலிதாகப் போயிற்று.

கிழவர் என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கையை ஆட்டினார்.

"ஆர் சொன்னது உங்களுக்கு, இதைப் பழகச் சொல்லி?"

"உங்கட மனிசிதான். உங்கட நாளுக்கெண்டு. படி ஏறி வந்து கேட்டவ."

அவர் பெட்டிப் பக்கம் திரும்பி இத்தாலியில் நீளமாக என்னவோ சொன்னார். ஏசுவது மாதிரி இருந்தது. மூச்சு முட்டியது, மகள் குழாயைச் சரி செய்தாள். திரும்பி என்னைப் பார்த்தபோது முகம் முழுக்க ஈரம்.

"என்ர நாளுக்கு இனி இது வேண்டாம். இண்டைக்குக் கேட்டதே எனக்குக் காணும்," என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் என் சட்டைக் கையை விடவில்லை.

"உங்களிட்டக் கதைச்சவதானே. தனக்கு என்ன பாட்டு விருப்பம் எண்டு அவ எப்பவாவது சொன்னவவோ?"

"இல்லை," என்றேன்.

"எனக்கும் தெரியாது," என்றார் கிழவர், விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டு.